பாட்டியைத் தூக்கியது தப்பா, நாற்காலியை விட்டுப் போனது தப்பா?

வைகைக்கரைக்காரி எழுதியது:

வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். மதுரைக்குப் பக்கத்தில் ஒரு தாலுகா அலுவலகத்தில் துணை வட்டாட்சியராக இருக்கிறேன். டிஎன்பிஎஸ்சி எழுதி உதவியாளராக உள்ளே வந்து, பட்டா, சான்றிதழ், தேர்தல் என்று எல்லா சீட்டும் பார்த்துவிட்டு இப்போது பேரிடர் சீட். யாரும் கேட்காத சீட், அதனால் எனக்கு வந்தது. வெயில் காலத்தில் அங்கே வேலையே இல்லை என்பார்கள், ஐப்பசி பிறந்தால் தூக்கம் இல்லை.

போன மழையில் ஒரு ராத்திரி, மணி ஒன்பது இருக்கும். கட்டுப்பாட்டு அறையில் நானும் ஒரு அலுவலக உதவியாளரும் மட்டும். கண்மாய் மறுகால் பாய்ந்து ஒரு காலனிக்குள் தண்ணீர் வந்துவிட்டது, குடிசையில் ஒரு பாட்டி தனியாக இருக்கிறார் என்று போன். ஜீப் வாசலில் நின்றது. கிளம்பிவிட்டேன். முட்டிக்கு மேல் தண்ணீர், நானும் டிரைவரும் பாட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து பள்ளிக்கூடத்தில் விட்டோம். போய் வர முக்கால் மணி நேரம்.

அந்த முக்கால் மணி நேரத்தில் பக்கத்து ஊர் விஏஓ மூன்று முறை போன் செய்திருக்கிறார். அவர் கண்மாய்க் கரையில் கசிவு, மணல் மூட்டை வேண்டும் என்று. உதவியாளர் பாவம், ஒரு துண்டுத்தாளில் எழுதி என் மேசையில் வைத்துவிட்டுக் காத்திருந்தார். என் செல்போனுக்கு அந்தக் காலனியில் சிக்னல் இல்லை. ஊர்க்காரர்களே மூட்டை போட்டு அடைத்ததால் கரை தப்பியது.

மறுநாள் நான் பாட்டியைத் தூக்கிய போட்டோ எல்லா வாட்ஸப் குழுவிலும் ஓடியது. பாராட்டு மேல் பாராட்டு. ஒரே ஒரு மூத்த அதிகாரி மட்டும் போன் செய்து, "நல்லதும்மா. ரூம்ல யாரு இருந்தா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். திட்டவில்லை, அதுதான் உறுத்துகிறது.

இந்த வேலையில் வளர வேண்டும் என்று உண்மையிலேயே ஆசை இருக்கிறது, தண்டனை சீட்டாக நினைக்கவில்லை. ஆனால் என்ன படிப்பது, எப்படி வளர்வது, என்னைவிட இருபது வயது மூத்த விஏஓக்களை எப்படி வேலை வாங்குவது, ஒன்றும் பிடிபடவில்லை. ஒருவர் காதுபடவே "நேத்து வந்த பொண்ணு" என்கிறார். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பழைய பிராஞ்ச் எழுதியது:

நான் தீயணைப்பில் முப்பத்து மூன்று வருடம் இருந்து நிலைய அலுவலராக ஓய்வு பெற்றவன். உன் கதை என் கதைதானம்மா, தண்ணீருக்குப் பதில் நெருப்பு.

பதவி உயர்வு வந்த புதிதில் ஒரு பஞ்சுக் குடோன் தீ. வண்டி நின்றதும் பழக்க தோஷம், பிராஞ்சை, அதாவது தண்ணீர் பீய்ச்சுகிற குழாய் முனையைப் பிடுங்கிக்கொண்டு நானே உள்ளே பாய்ந்துவிட்டேன். எனக்குப் பின்னால் ஆறு பையன்கள் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறார்கள். பத்து நிமிடத்தில் வண்டித் தண்ணீர் தீர்ந்தது. அடுத்த லாரிக்கு யாரும் சொல்லவில்லை, ஏனென்றால் சொல்ல வேண்டிய ஆள் நான், நான் புகைக்குள் நிற்கிறேன். எங்கள் டிரைவர், வயதானவர், வெளியே வந்த என்னைப் பார்த்து, "சார் நீங்க பிராஞ்ச் புடிச்சா தண்ணி யாரு பாக்குறது?" என்றார். அன்றைக்குத்தான் எனக்கு உண்மையில் பதவி உயர்வு கிடைத்தது என்று வைத்துக்கொள்.

அதற்கப்புறம் நான் வைத்துக்கொண்ட வழக்கம் ஒன்று உண்டு. வண்டியை விட்டு இறங்கியதும் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொள்வேன். கட்டடத்தைச் சுற்றி ஒரு நடை. அப்புறம்தான் வாயைத் திறப்பேன். பார்ப்பவர்களுக்கு ஏதோ கல்யாண வீட்டுக்கு வந்தவன் மாதிரி இருக்கும், கூட்டத்தில் கெட்ட வார்த்தை கூடக் கேட்டிருக்கிறேன். 2020 தீபாவளி சமயத்தில் மதுரையில் ஒரு ஜவுளிக்கடைத் தீயில் பழைய கட்டடம் இடிந்து எங்கள் துறைப் பையன்கள் இரண்டு பேர் செத்துப்போனார்கள். அன்றைக்கு அங்கே இல்லாத நான் அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்லக் கூடாது. அதற்குப் பிறகு இளையவர்களிடம் ஒன்று மட்டும் சொல்லி வந்தேன்: மாசி வீதிப் பக்கத்துப் பழைய கட்டடம் என்றால், ஒரு ஆள் வெளியே நின்று சுவரை மட்டும் பார்க்கட்டும், எவ்வளவு ஆள் பற்றாக்குறை இருந்தாலும் அந்த ஆளை உள்ளே கூப்பிடாதே.

நீ பாட்டியைத் தூக்கியது தப்பில்லை. யாரிடமும் ஒப்படைக்காமல் எழுந்து போனதுதான் தப்பு. ஒரு பீரோ சாவி கைமாறுவதற்கே கையெழுத்து வாங்கும் துறை உங்களுடையது! "நான் திரும்பும் வரை நீதான் பொறுப்பு, கரை கசிந்தால் இந்த நம்பர், மூட்டை இருக்கிற இடம் இது" என்று அந்த உதவியாளரிடம் அரை நிமிடம் சொல்லியிருந்தால் அவர் துண்டுத்தாளோடு உட்கார்ந்திருக்க மாட்டார்.

செல்லூர்த் தறி எழுதியது:

பெரியவர் மன்னிக்கணும், நான் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. 2024 அக்டோபர் 25 சாயங்காலம் மதுரை செல்லூர் எப்படி இருந்தது என்று இங்கே பலருக்குத் தெரியும். பந்தல்குடி வாய்க்கால் நிரம்பித் தெருவுக்குள் வந்தது. எங்கள் வீட்டில் தறிக்குழிக்குள் தண்ணீர், பாவு எல்லாம் போச்சு. அந்த நேரத்தில் எங்களுக்கு வேண்டியிருந்தது கையைப் பின்னால் கட்டிய ஆள் இல்லை சார். தண்ணீரில் இறங்குகிற ஒரு முகம். அக்கா இறங்கினதால்தான் அந்தக் காலனி ஜனம் அடுத்த தடவை அவங்க சொன்னால் வீட்டை விட்டுக் கிளம்பும். வெறும் போனில் "வெளியேறுங்கள்" என்றால் யார் போவார், ஆடு இருக்கு, டிவி இருக்கு, கேஸ் அடுப்பு இருக்கு.

பழைய பிராஞ்ச் எழுதியது:

தம்பி சொல்வதில் பாதி சரி. முகம் காட்ட வேண்டும். ஆனால் அதற்கு நேரம் சித்திரை, வைகாசி. காய்ந்த கண்மாய்க்குள் நடந்து போய் மடை எங்கே, கரை எங்கே மெலிந்திருக்கிறது, மடை திறக்கிற நீர்ப்பாய்ச்சி யார், ஜேசிபி யாரிடம் இருக்கிறது, அவன் ராத்திரி போனை எடுப்பானா, எல்லாம் அப்போதே தெரிந்துகொண்டு, அந்தக் காலனியில் ஒரு வாய் டீ குடித்துவிட்டு வந்திருந்தால், மழை ராத்திரியில் பாட்டியைத் தூக்க நாலு வீடு தள்ளி இருக்கிற பையனிடமே சொல்லியிருக்கலாம்.

108 பைலட் சம்சாரம் எழுதியது:

பெயரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள், வீட்டுக்காரர் பைலட், அதாவது 108 ஆம்புலன்ஸ் ஓட்டுநர், நான் இஎம்டி, அதாவது வண்டியில் நோயாளியைக் கவனிக்கிற ஆள், வேறு வேறு வண்டி. நாங்கள் இதையே வேறு விதமாகப் படித்தோம். நிறையப் பேருக்கு அடிபட்ட இடத்துக்கு முதலில் போகிற ஆம்புலன்ஸ் யாரையும் ஏற்றக் கூடாது. ஆமாம், கேட்கவே கொடுமையாக இருக்கும். முதலில் போகிறவர் எண்ண வேண்டும், எத்தனை பேர், என்ன மாதிரி, இன்னும் எத்தனை வண்டி வேண்டும் என்று மேலே சொல்ல வேண்டும்.

அப்புறம் சத்தமாக ஒரே வார்த்தை: "நடக்க முடிஞ்சவங்க எல்லாம் இந்தப் பக்கம் வாங்க." வந்தவர்கள் பச்சை, காத்திருக்கலாம். மிச்சம் இருப்பவர்களிடம் போய் மூச்சு, நாடி, சொன்னது புரிகிறதா, இவ்வளவுதான். ஒரு ஆளுக்கு ஒரு நிமிடம்கூடக் கிடையாது, உடனே பார்க்க வேண்டியவர் சிவப்பு, கொஞ்சம் பொறுக்கக்கூடியவர் மஞ்சள், பிழைக்க வழியில்லாதவர் கறுப்பு என்று டேக்கைக் கட்டிவிட்டு அடுத்த ஆள். மூச்சுக்குழாயைத் திறப்பது, பீறிடுகிற ரத்தத்தை நிறுத்துவது தவிர வேறு வைத்தியம் பார்க்கக் கூடாது. காலைப் பிடித்துக்கொண்டு "தாயி என்னை விட்டுட்டுப் போகாத" என்பார்கள். போகத்தான் வேண்டும். முதல் தடவை அப்படிச் செய்த அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை, பேச்சும் இல்லை. இதைப் பற்றி யாரும் பாடத்தில் சொல்வதில்லை மேடம். பாட்டியைத் தூக்கினால் கிடைக்கிற நிம்மதி நாற்காலியில் உட்கார்ந்தால் கிடைக்காது. அதனால்தான் நமக்குக் கால் தானாக வாசலுக்குப் போகிறது.

உசிலை டு ஜுபைல் எழுதியது:

படிப்பு பற்றி யாரும் சொல்லவில்லையே. நான் சவூதியில் ஒரு ஆலையில் பாதுகாப்புப் பிரிவில் இருக்கிறேன். உங்களுக்கு முதலில் வேண்டியது ஐஆர்எஸ், அதாவது தேசிய பேரிடர் மேலாண்மை ஆணையம் 2010-இல் வெளியிட்ட சம்பவ மேலாண்மை வழிகாட்டி. இது அமெரிக்காவின் ஐசிஎஸ் (இன்சிடென்ட் கமாண்ட் சிஸ்டம்) முறையை நம் நிர்வாகத்துக்கு ஏற்றபடி மாற்றியது. 1970-இல் கலிஃபோர்னியா காட்டுத்தீக்குப் பிறகு உட்கார்ந்து அலசிப் பார்த்தபோது, பெரிய கோளாறு வண்டியும் தண்ணீரும் இல்லை, யார் யாருக்குச் சொல்வது என்பதில்தான் என்று தெரிந்தது. ஒரே அதிகாரியிடம் ஏகப்பட்ட பேர் வந்து நிற்பது, ஒவ்வொரு துறைக்கும் ஒரு பாஷை, ஒருவர் வயர்லெஸ் இன்னொருவருக்குக் கேட்காது. நம்ம ஊர் மாதிரியே இல்லை? அதனால்தான் ஒருவரின் கீழ் நேரடியாக மூன்றிலிருந்து ஏழு பேர், ஐந்து என்றால் உத்தமம் என்று வைத்தார்கள். உங்கள் தாலுகாவில் எத்தனை விஏஓ? அத்தனை பேரும் உங்கள் ஒருத்தர் போனுக்கே அடித்தால் தெய்வமே வந்தாலும் முடியாது. இடையில் வருவாய் ஆய்வாளர்களை வையுங்கள்.

ஐஆர்எஸ்ஸில் மாவட்டப் பொறுப்பு ஆட்சியருக்கு, தாலுகா மட்டம் வரை குழு அமைக்கச் சொல்லியிருக்கிறது. களப்பணி, திட்டம், பொருள் ஏற்பாடு என்று மூன்று பிரிவு. உங்கள் அலுவலகச் சுவரில் ஒரு சார்ட்டாக அது ஏற்கனவே தொங்கிக்கொண்டிருக்கலாம், எடுத்துத் தூசி தட்டிப் பெயர்களைப் பாருங்கள், பாதிப் பேர் மாறுதலாகிப் போயிருப்பார்கள்.

பட்டம் வேண்டுமென்றால் இக்னோவில் பேரிடர் மேலாண்மை முதுநிலை டிப்ளமோ அஞ்சல் வழியில் இருக்கிறது, மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தில் முதுகலை. டெல்லி என்ஐடிஎம் (தேசிய பேரிடர் மேலாண்மை நிறுவனம்) பயிற்சிகளுக்குத் துறை வழியாகவே பெயர் கொடுக்கலாம். சிஇஎம் (சர்டிஃபைடு எமர்ஜென்சி மேனேஜர்) என்று சர்வதேசச் சான்று ஒன்று உண்டு, அனுபவம், பயிற்சி மணிக்கணக்கு, தேர்வு எல்லாம் கேட்பார்கள், ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், காசும் ஆகும். வளைகுடாவுக்கு வருகிற எண்ணம் இல்லையென்றால் இப்போதைக்கு வேண்டாம் என்பேன். நெபோஷ் என்று யாராவது தலையில் கட்டப் பார்ப்பார்கள், அது தொழிற்சாலைப் பாதுகாப்புக்கு, உங்கள் வேலைக்கு இல்லை.

ரிட்டையர்டு ஆர்.ஐ. எழுதியது:

அந்த "நேத்து வந்த பொண்ணு" ஆசாமிக்கு ஒரு வழி இருக்கிறது. கூட்டத்தில் அவரிடம் கேள், "அண்ணே, 93 வெள்ளத்துல தண்ணி எது வரைக்கும் வந்துச்சு? எந்தக் கரை போச்சு?" அவர் சொல்லச் சொல்ல வரைபடத்தில் எல்லோர் முன்னாலும் குறி. நீ முகஸ்துதிக்குச் செய்கிறாய் என்று நினைக்காதே, அந்த விவரம் எந்த ஃபைலிலும் இல்லை. அதற்கப்புறம் அவர் உன் ஆள்.

இன்னொன்று. வைகை அணை 66 அடியில் முதல் எச்சரிக்கை, 68.5-இல் இரண்டாவது, 69-இல் மூன்றாவது. மொத்தம் 71. நாங்கள் 66 அடி வந்ததுமே ஆற்றங்கரை ஊர்களுக்கு ஒரு சுற்றுப் போன் போட்டுவிடுவோம், தகவலுக்காக இல்லை, யார் நம்பர் மாறியிருக்கிறது என்று தெரிந்துகொள்ள. துண்டுத்தாள் வேண்டாம். தைத்த நோட்டு, நேரம், யார் சொன்னது, யாரிடம் சொன்னோம், முடிந்ததா. மழை முடிந்த வாரமே அந்த நோட்டைப் பார்த்து இரண்டு பக்கம் எழுதி மேலே அனுப்பு, உன் தப்பையும் சேர்த்து. அந்த மூத்த அதிகாரி ஏன் கேட்டார் என்று நினைக்கிறாய்? உன்னை அடுத்த இடத்துக்குப் பார்க்கிறாரோ என்னவோ.

வைகைக்கரைக்காரி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. சார்ட்டைப் போய்ப் பார்த்தேன். தொங்குகிறது. பதினோரு பெயரில் ஏழு பேர் மாறிப் போய்விட்டார்கள், ஒருவர் இறந்தே போய்விட்டார். பொருள் ஏற்பாட்டுக்கு இரண்டு வருடமாக ஆளே இல்லை, மணல் மூட்டை எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாததற்குக் காரணம் இப்போது புரிகிறது.

அன்றைக்கு என்னோடு இருந்த அலுவலக உதவியாளரிடம் நேற்று உட்கார்ந்து பேசினேன். "மேடம், நான் போன் போட்டிருப்பேன், ஆனா நான் சொன்னா ஜேசிபிக்காரன் வருவானான்னு தெரியல" என்றார். இருபத்தாறு வருட சர்வீஸ் அவருக்கு. இனி இரவு முறையில் நான் எழுந்தால் அவர்தான் பொறுப்பு என்று எழுத்தில் போட்டு, தாசில்தாரிடம் கையெழுத்து வாங்கி, விஏஓ குழுவில் போட்டுவிட்டேன். இரண்டு பேர் கட்டைவிரல் போட்டார்கள், மற்றவர்கள் மௌனம்.

அடுத்த மாதம் ஒரு ஒத்திகை வைக்கலாம் என்று இருக்கிறேன், வெறும் போனை வைத்து, ராத்திரி ஒன்பது மணிக்கு, முன்கூட்டிச் சொல்லாமல். செல்லூர்த் தம்பி, சொன்னால் கிளம்பாத ஜனம் என்னென்ன சாக்குச் சொல்லும் என்று ஒரு பட்டியல் தர முடியுமா?

செல்லூர்த் தறி எழுதியது:

பட்டியலா, எங்கள் அம்மாவிடம் கேட்டாலே நோட்டு நிறைந்துவிடும் அக்கா. ஆனால் ஒன்பது மணி வேண்டாம், அப்போது எல்லோரும் முழித்திருப்பார்கள். இரண்டரைக்கு வையுங்கள்.