வெயிலில் நிறம் போகிறது, சாயம் போகிறதா?

கேள்வி:
முதுகலை ப்ராஜெக்ட்டுக்காக, வெளிச்சம் பட்டால் சாயத்தைச் சிதைக்கும் டைட்டானியம் டை ஆக்சைடு தூளை வைத்துச் சாயநீரைச் சுத்தம் செய்து பார்க்கிறேன். லிட்டருக்கு 10 மில்லிகிராம் மெத்திலீன் புளூ, 100 மில்லி கரைசல், 0.1 கிராம் தூள். உச்சி வெயிலில் கலக்கிக்கொண்டே இருந்தால் இரண்டு மணி நேரத்தில் நீலம் போய்விடுகிறது. ஆனால் ஒரு சாயப்பட்டறையின் கழிவுநீரை (ரியாக்டிவ் சாயம், கருஞ்சிவப்பு) அப்படியே ஊற்றினால் நாள் முழுக்க வெயில் பட்டும் அசையவில்லை. வெள்ளி ஏற்றிய தூளுக்கு மாறச் சொல்கிறார் கைடு. தூளில்தான் கோளாறா?

பதில் 1:
முதலில் நீலத்தையே சந்தேகப்படுங்கள். சாயம் சிதையாமல் தூளில் ஒட்டிக்கொண்டாலும் தண்ணீரின் நிறம் போகும். வெயிலுக்கு முன் அரை மணி நேரம் இருட்டில் வைத்துக் கலக்கினீர்களா? அடியில் படிந்த தூள் என்ன நிறம்? தூளே போடாத ஒரு பீக்கரும் வெயிலில் இருக்க வேண்டும். மெத்திலீன் புளூ தானாகவே கொஞ்சம் வெளுக்கும்.

கேட்டவர்:
இருட்டில் வைக்கவில்லை. தூள் வெளிர் நீலமாகத்தான் இருக்கிறது. அது சாயம் ஒட்டியதால் இருக்கும் என்று எனக்கு இதுவரை தோன்றவே இல்லை!

பதில் 2:
தூளை மாற்ற அவசரப்படாதீர்கள், நானும் அப்படி மாற்றி மாற்றி ஒரு வருடம் தொலைத்தவன். மெத்திலீன் புளூ உங்களுக்குச் சாதகமான சாயம். அதற்கு நேர் மின்சுமை. இந்தத் தூளின் பரப்பு பிஹெச் சுமார் 6-க்கு மேல் எதிர் மின்சுமைக்கு மாறும், அதனால் சாயம் தானாக வந்து ஒட்டும். ரியாக்டிவ் சாயங்களில் சல்ஃபோனேட் தொகுதிகள் இருப்பதால் அவை எதிர் மின்சுமை கொண்டவை. பட்டறைத் தண்ணீரோ சோடா உப்பால் (சோடியம் கார்பனேட்) பிஹெச் 10-ஐ ஒட்டி நிற்கும். அங்கே தூளும் சாயமும் ஒன்றையொன்று தள்ளும்.

அப்புறம் வெளிச்சம். அனடேஸ் வகைத் தூளுக்கு (டைட்டானியம் டை ஆக்சைடின் ஒரு படிக வடிவம்) 387 நானோமீட்டருக்குக் கீழே உள்ள புற ஊதாதான் வேலை செய்யும். வெயிலில் அது 4, 5 சதவீதம்தான். அதையும் கருஞ்சிவப்புத் தண்ணீர் மேலாகவே விழுங்கிவிடும். தப்பிப் பிறக்கும், சாயத்தைச் சிதைக்க வேண்டிய ஹைட்ராக்சில் ரேடிக்கல்களைக் கார்பனேட்டும் குளோரைடும் பிடித்துக்கொள்ளும்.

பத்து மடங்கு நீர்க்கச் செய்து, அமிலம் விட்டு பிஹெச் 4-க்குக் கொண்டுவாருங்கள். நுரைத்துக்கொண்டு கார்பனேட்டும் வெளியேறும். பீக்கரை விட்டுவிட்டு அகலத் தட்டில் இரண்டு சென்டிமீட்டர் ஆழத்துக்கு மட்டும் ஊற்றுங்கள். துத்தநாக ஆக்சைடை இந்த பிஹெச்சில் போட்டுவிடாதீர்கள், கரைந்துவிடும். நிறத்தோடு சிஓடியும் (கரைந்த பொருள்களை ஆக்சிஜனேற்றத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு) பாருங்கள். உப்புத் தண்ணீரில் குளோரைடு சிஓடியை ஏற்றிக் காட்டும், டிஓசி (மொத்தக் கரிமக் கார்பன்) அளக்கும் கருவி கிடைத்தால் நல்லது.

கேட்டவர்:
செய்தேன். சாயங்காலத்துக்குள் இளஞ்சிவப்பு! ஆனால் டிஓசி பெரிதாக இறங்கவில்லை.

பதில் 2:
சரி, அது எதிர்பார்த்ததுதான். அசோ சாயமாக இருந்தால் நிறம் தரும் நைட்ரஜன் இரட்டைப் பிணைப்பு முதலில் அறுந்துவிடும். சாயத்தின் கார்பன் வளையங்கள் உடைவதற்கு நேரமாகும், அதுவரை கார்பன் தண்ணீரிலேயே இருக்கும். அதே தட்டை நாளைக்கும் வெயிலில் விட்டு, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாதிரி எடுங்கள். இருட்டில் மூடி வைத்த தட்டு ஒன்றும் பக்கத்தில் இருக்கட்டும்.