ஆண்டின் நடுவில் ஆசிரியர் விலகினால்: டெக்சஸ் சார்ட்டர் பள்ளிப் பெற்றோருக்கு

ஆகஸ்ட் நடுவில் பள்ளி திறக்கிறது. அக்டோபர் வந்தால் இந்தக் கேள்வியும் வந்துவிடுகிறது: "பிள்ளையின் வகுப்பாசிரியர் திடீரென்று வேலையை விட்டுவிட்டார். பள்ளியே சரியில்லையா? வேறு இடம் பார்க்கலாமா?" இர்விங், ஃபிரிஸ்கோ, பிளேனோ என்று டாலஸ் பக்கம் புதிதாகக் குடிவந்து, குலுக்கலில் இடம் கிடைத்த மகிழ்ச்சியோடு சார்ட்டர் பள்ளியில் பிள்ளையைச் சேர்த்தவர்கள்தான் அதிகம் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரேயடியாக எழுதிவிடுகிறேன். சட்டம் பற்றி இங்கே சொல்வதெல்லாம் பெரும்பாலும் டெக்சஸுக்கு மட்டுமே. வேறு மாநிலத்தில் இருப்பவர்கள் அங்குள்ள விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில், போனவரைப் பற்றிய ஆராய்ச்சியை விட்டுவிடுங்கள். முதல்வரோடு மனத்தாங்கலா, சம்பளம் போதவில்லையா, கணவருக்கு வேறு ஊரில் வேலையா என்று வாட்ஸ்அப் குழுவில் இரவு பதினொரு மணி வரை அலசுவார்கள். பள்ளி அதைச் சொல்லாது. தெரிந்தாலும் உங்கள் பிள்ளைக்கு ஒரு பைசா பயனில்லை. நீங்கள் கேட்க வேண்டியது வேறு. நாளைக் காலை அந்த வகுப்பில் யார் நிற்கப்போகிறார்? இதுவரை எந்தப் பாடம் வரை நடந்திருக்கிறது?

ஊரில் நாம் பார்த்ததற்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. நம் பள்ளிகளில் ஒரு கணக்கு ஆசிரியர் போனால் கணக்குப் பாடம் மட்டும் தடுமாறும். இங்கே தொடக்கப் பள்ளியில் பல இடங்களில் ஒரே ஆசிரியர்தான் வாசிப்பு, எழுத்து, கணக்கு, அறிவியல் எல்லாவற்றையும் நடத்துகிறார். அவர் போனால் பிள்ளையின் நாள் முழுவதும் ஆட்டம் காணும். ஏழு வயதுக் குழந்தை வீட்டுக்கு வந்து, "நான் சத்தம் போட்டதால்தான் மிஸ் போய்விட்டார்களா?" என்று கேட்பதற்கும் இதுதான் காரணம். இல்லை என்று தெளிவாகச் சொல்லுங்கள். முகவரி கேட்டு அலையாமல், பள்ளி அலுவலகம் வழியாக ஒரு வாழ்த்து அட்டை அனுப்பச் சொல்லுங்கள். அது குழந்தைக்குப் போதும்.

சார்ட்டர் பள்ளி என்றால் என்ன என்று தெரியாமலே சேர்த்தவர்களுக்காகச் சுருக்கமாக. 1991இல் மினசோட்டா மாநிலம்தான் இதற்கான முதல் சட்டத்தைக் கொண்டுவந்தது. டெக்சஸில் 1995இல் வந்தது. அரசுப் பணத்தில் நடக்கும், கட்டணம் கிடையாது, நடத்துவது தனி நிர்வாகக் குழு. நம் ஊர் அரசு உதவி பெறும் பள்ளியை நினைத்துக்கொண்டால் பாதி புரியும். மீதிப் பாதிதான் முக்கியம்: அங்கே நிரந்தர வேலை, இங்கே அப்படி இல்லை. வட்டாரப் பள்ளி நிர்வாகமான ஐஎஸ்டியில் வேலை பார்க்கும் ஆசிரியருக்குச் சட்டப்படியான ஆண்டு ஒப்பந்தம் உண்டு. நடு ஆண்டில் தக்க காரணமின்றி முறித்துக்கொண்டு போனால் அவருடைய சான்றிதழுக்கே ஆபத்து வரலாம். சார்ட்டர் பள்ளிகளுக்கு அந்த ஒப்பந்தச் சட்டம் பொருந்தாது. பெரும்பாலும் இரு தரப்பும் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம் என்ற ஏற்பாடுதான். அதனால்தான் கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் போனவர் ஜனவரியில் திரும்பி வருவதில்லை.

பணமும் ஒரு காரணம். ஐஎஸ்டிகள் வீட்டு வரி விதிக்கின்றன. நாம் ஆண்டுதோறும் புலம்பிக்கொண்டே கட்டுகிறோமே, அதே வரிதான். சார்ட்டர் பள்ளிக்கு வரி விதிக்கும் அதிகாரம் இல்லை. கட்டட வாடகையையும் மாநிலம் தரும் பணத்திலிருந்தே பார்த்துக்கொள்ள வேண்டும். பக்கத்து ஐஎஸ்டி கொஞ்சம் கூடுதல் சம்பளம் தந்தால் இளம் ஆசிரியர் அங்கே போகத்தான் செய்வார். பரிமாற்றத் திட்டத்துக்கான ஜே1 விசாவில் வெளிநாட்டிலிருந்து வந்த ஆசிரியர்களும் சில பள்ளிகளில் இருக்கிறார்கள். அவர்களுக்கு மூன்று ஆண்டுகள், நீட்டித்தால் ஐந்து. விசாத் தேதி பார்த்துப் பெட்டி கட்டுவது நமக்கும் புதிதல்லவே.

இதை எழுதுவது பள்ளிக்கு வக்காலத்து வாங்க அல்ல. ஆசிரியர் போவது அமெரிக்கா முழுவதும் நடக்கிறது. 2020–21இல் பணியில் இருந்த அரசுப் பள்ளி ஆசிரியர்களில் 100க்கு 84 பேர்தான் மறு ஆண்டும் அதே பள்ளியில் இருந்தார்கள் என்பது மத்திய அரசின் கல்விப் புள்ளிவிவர மையம் சொல்லும் கணக்கு. ஒருவர் போனார் என்பதால் பள்ளி கெட்டுவிட்டது என்று ஆகாது. அவர் போன பிறகு பள்ளி எப்படி நடந்துகொள்கிறது என்பதுதான் தேர்வு.

அதைச் சோதிக்க ஒரு மின்னஞ்சல் போதும். தொலைபேசியில் பேசாதீர்கள். பேசினால் இனிக்க இனிக்கப் பதில் வரும், மறுநாள் எதுவும் மிஞ்சாது. நம்மவர்களிடம் இரண்டு குணங்களைப் பார்க்கிறேன். ஒன்று, முதல்வரிடம் கேள்வி கேட்பதே மரியாதைக் குறைவு என்று ஒதுங்கிவிடுவது. இன்னொன்று, நாற்பது பேர் கையெழுத்து வாங்கி எடுத்த எடுப்பிலேயே போர் தொடுப்பது. இரண்டுமே உதவாது. முதல்வருக்குப் பணிவாக, சுருக்கமாக எழுதுங்கள். இப்போது வகுப்பை நடத்துபவர் யார், அவர் நிரந்தரமா சப்ஸ்டிடியூட்டா, புதியவர் எப்போது வருவார், அதுவரை பாடத்திட்டம் தயாரித்து மதிப்பெண் போடுவது யார் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விதான் கூர்மையானது. நல்ல பள்ளி என்றால், பக்கத்து வகுப்பின் அனுபவமுள்ள ஆசிரியர் பாடத்தைத் தயாரிப்பார், துணை முதல்வர் மேற்பார்வையிடுவார் என்று பெயரோடு பதில் வரும். "உங்கள் பொறுமைக்கு நன்றி, சிறந்த கல்வி அளிப்பதில் உறுதியாக இருக்கிறோம்" என்று மட்டும் வந்தால், வகுப்பில் ஒர்க்‌ஷீட் விநியோகம் நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கல்வித் தகுதி பற்றிக் கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. டெக்சஸில் சார்ட்டர் பள்ளி ஆசிரியருக்குப் பொதுவாக இளநிலைப் பட்டம் போதும். சிறப்புக் கல்வி, இருமொழிக் கல்வி போன்றவற்றுக்குத்தான் மாநிலச் சான்றிதழ் கட்டாயம். ஆனால் ஒவ்வோர் ஆசிரியரின் தகுதியையும் பள்ளி பெற்றோருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று டெக்சஸ் கல்விச் சட்டத்தின் 12.130ஆம் பிரிவு சொல்கிறது. நடு ஆண்டில் வந்தவரைப் பற்றி இந்தக் கடிதம் வராமல் போவதுண்டு. கேட்டு வாங்குங்கள். சான்றிதழ் இல்லை என்பதாலேயே புதியவரை மட்டமாக நினைக்க வேண்டாம். பொறியியல் படித்துவிட்டுக் கணக்கு நடத்த வந்து பிள்ளைகளைக் கட்டிப்போடுகிறவர்களும் இருக்கிறார்கள், சான்றிதழை வைத்துக்கொண்டு தூங்கவைப்பவர்களும் இருக்கிறார்கள்.

அடுத்தது நோட்டுப் புத்தகம். இதைத்தான் பலரும் பார்ப்பதில்லை. என் மகள் நான்காம் வகுப்பில் இருந்த ஆண்டு ஆசிரியர் மாறினார். கணக்கு நோட்டைப் புரட்டினால், பீட்சாவை எட்டாக வெட்டிய படத்தோடு ஒரு பின்ன ஒர்க்‌ஷீட் அக்டோபரில் ஒட்டியிருந்தது. அதே பீட்சா ஜனவரியிலும் ஒட்டியிருந்தது. முதலாமவர் பின்னத்தில் தொடங்கியிருக்கிறார். இரண்டாமவருக்கு அது தெரியாது, அவரும் பின்னத்தில் தொடங்கியிருக்கிறார். நீள் வகுத்தல் எந்தப் பக்கத்திலும் இல்லை. முதலாமவர் பிறகு நடத்தலாம் என்று வைத்திருக்கிறார், இரண்டாமவர் ஏற்கெனவே நடந்திருக்கும் என்று நினைத்திருக்கிறார். வேடிக்கை என்னவென்றால் மதிப்பெண் பட்டியலில் ஒரு குறையும் தெரியவில்லை. இரண்டு முறை நடத்திய பாடத்தில் எந்தப் பிள்ளைதான் குறைந்த மதிப்பெண் வாங்கும்?

எனவே மதிப்பெண்ணை நம்பாதீர்கள். மாநிலத்தின் பாடத் தரப் பட்டியலை இங்கே டீக்ஸ் என்பார்கள். வகுப்புவாரியாக டெக்சஸ் கல்வி முகமையின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. உங்கள் பிள்ளையின் வகுப்புக்கான கணக்குப் பகுதியை அச்செடுத்து, நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்தது, நடக்காதது என்று குறியிடுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும். விடுபட்டது தெரிந்தபின் கான் அகாடமியோ, நீங்களே சொல்லிக்கொடுப்பதோ, எது வேண்டுமானாலும் செய்யுங்கள். விடுபட்டது எது என்றே தெரியாமல் பதற்றத்தில் கூமான் டியூஷனுக்கு ஓடினால், பிள்ளை அவர்கள் வைத்த வரிசையில் போய்க்கொண்டிருக்கும், ஓட்டை ஓட்டையாகவே இருக்கும். முந்தைய ஆண்டுகளின் ஸ்டார் (மாநிலப் பொதுத்தேர்வு) வினாத்தாள்களும் அதே தளத்தில் உண்டு. பிப்ரவரியில் ஒன்றைப் போட்டுப் பார்த்தால், வசந்த காலத் தேர்வுக்கு முன்பு நிலவரம் தெரியும்.

நடுநிலைப் பள்ளிக் கணக்கில் இன்னும் கவனம் வேண்டும். 2023இல் வந்த சட்டப்படி, ஐந்தாம் வகுப்பில் நன்றாகச் செய்யும் பிள்ளைகளை ஆறாம் வகுப்பில் மேம்பட்ட கணக்குக்குப் பள்ளியே சேர்க்க வேண்டும். இது சார்ட்டர் பள்ளிகளுக்கும் பொருந்தும். அந்த வழியில் பெரும்பாலும் மூன்று ஆண்டுப் பாடத்தை இரண்டு ஆண்டுகளில் சுருக்கி நடத்துவார்கள். ஆறாம் வகுப்பில் ஒரு பருவம் ஆசிரியர் இல்லாமல் போனால், அது எட்டாம் வகுப்பு அல்ஜீப்ராவில் வந்து நிற்கும்.

புதிய ஆசிரியர் வந்த முதல் வாரமே அவருக்கு அரைப் பக்கக் கடிதம் எழுதுங்கள். பிள்ளை என்ன வாசிக்கிறான், எதில் தயங்குவான், எந்தப் பாடம் விடுபட்டது என்று நீங்கள் குறித்துவைத்தது, அவ்வளவு போதும். முந்தையவரோடு ஒப்பிட வேண்டாம். நடு ஆண்டில் இன்னொருவரின் வகுப்பை ஏற்றுக்கொண்டவருக்கு யாரும் இதைச் சொல்லியிருக்க மாட்டார்கள். பிள்ளைக்கு முன்னால் புதியவரைப் பற்றிக் குறை பேசுவதையும் நிறுத்துங்கள். மறுநாள் அது வகுப்பில் அப்படியே ஒப்பிக்கப்படும்.

பேச்சுப் பயிற்சி, ஆட்டிசம் ஆதரவு என்று ஐஇபி (சிறப்புக் கல்விக்கான தனிநபர் திட்ட ஆவணம்) உள்ள பிள்ளைகளின் பெற்றோர் மட்டும் பொறுமை காக்க வேண்டாம். அந்த ஆவணத்தில் எழுதிய நிமிடங்கள் மத்தியச் சட்டப்படி பள்ளி தர வேண்டிய கடன். சார்ட்டர் பள்ளிக்கு விலக்கில்லை. "ஆள் கிடைக்கவில்லை" என்பது பதிலாகாது. பயிற்சியாளர் விலகிய நாளிலிருந்து தவறிய ஒவ்வொரு அமர்வையும் தேதியோடு குறித்துவையுங்கள். அந்தத் திட்டத்தை முடிவுசெய்யும், டெக்சஸில் ஏஆர்டி என்று அழைக்கப்படும் கூட்டத்தைக் கூட்டுமாறு எழுத்தில் கேளுங்கள். தவறியதற்கு ஈடுசெய்யும் அமர்வுகளை அங்கே வைத்துக் கேட்கலாம். ஆங்கிலத்தில் பேசத் தயங்கும் தாத்தா பாட்டியோ தாயோதான் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறார் என்றால் மொழிபெயர்ப்பாளரையும் கேட்கலாம், அதற்குக் கட்டணம் கிடையாது.

முதல்வரிடமிருந்து பதிலே வரவில்லை என்றால் அடுத்த படி கண்காணிப்பாளர், அதற்கும் மேல் நிர்வாகக் குழு. சார்ட்டர் பள்ளியின் நிர்வாகக் குழுக் கூட்டங்கள் டெக்சஸில் பொதுக் கூட்டச் சட்டத்துக்கு உட்பட்டவை. நிகழ்ச்சி நிரலை முன்கூட்டியே வெளியிட வேண்டும், அதிலுள்ள பொருள்கள் பற்றிப் பொதுமக்கள் பேச வாய்ப்புத் தர வேண்டும். நம்மவர்களை அங்கே பார்ப்பது அபூர்வம். ஒன்றிரண்டு பெற்றோர் போய் அமைதியாக உட்கார்ந்தாலே பேச்சின் தொனி மாறுவதைப் பார்க்கலாம்.

பள்ளியை மாற்றலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். உங்கள் வீட்டு முகவரிக்குரிய ஐஎஸ்டி பள்ளி ஆண்டின் எந்த நாளிலும் பிள்ளையைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆகவே வழி எப்போதும் திறந்தே இருக்கிறது, அவசரம் இல்லை. சார்ட்டர் பள்ளியில் விட்ட இடம் அப்படியல்ல, திரும்ப வேண்டுமென்றால் மறுபடியும் குலுக்கல்தான். தம்பி தங்கை அதே பள்ளியில் சேரக் காத்திருந்தால், உடன்பிறந்தோர் முன்னுரிமையும் கையை விட்டுப் போகலாம். முதலில் ஐஎஸ்டி பள்ளிக்குப் போய் அந்த வகுப்புக்கு இப்போது நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். அங்கேயும் சப்ஸ்டிடியூட் என்றால் மாறி என்ன பயன்?

எண்களையும் பாருங்கள். டெக்சஸ் கல்வி முகமை ஆண்டுதோறும் டாப்பர் என்ற அறிக்கை வெளியிடுகிறது. அதில் பணியாளர் பகுதியில் ஆசிரியர் விலகல் விகிதம் இருக்கிறது. பல கிளைகள் நடத்தும் சார்ட்டர் நிறுவனத்துக்கு அந்த விகிதம் எல்லாக் கிளைகளுக்கும் சேர்த்துத்தான், உங்கள் கிளையின் நிலை அதில் தெரியாது. கிளைக்கான அறிக்கையில், ஆசிரியர்கள் இதே நிர்வாகத்தில் சராசரியாக எத்தனை ஆண்டுகள் இருந்திருக்கிறார்கள் என்று ஒரு வரி வரும். நான் முதலில் பார்ப்பது அந்த வரியைத்தான். திறந்து பல ஆண்டுகள் ஆன பள்ளியில் அது இரண்டுக்குக் கீழே நின்றால், உங்கள் பிள்ளையின் வகுப்பில் நடந்தது தற்செயல் அல்ல. புதிய பள்ளி என்றால் எண் குறைவாகத்தான் இருக்கும், அதை வைத்துத் தீர்ப்பெழுத வேண்டாம். ஐஎஸ்டி பள்ளியின் அறிக்கையையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

எச்4 விசாவில் (எச்1பி வேலை விசாக்காரரின் துணைவருக்கான விசா) இருக்கும் பெற்றோர் சிலர், ஆள் பற்றாக்குறைதானே, நாங்களே சப்ஸ்டிடியூட்டாகப் போகலாமா என்று கேட்கிறார்கள். அது சம்பள வேலை. வேலை அனுமதி அட்டை இல்லாமல் போகக் கூடாது. நூலகத்தில் புத்தகம் அடுக்குவது, வாசிப்புக்கு உதவுவது போன்ற சம்பளமில்லாத தன்னார்வப் பணிக்குத் தடையில்லை. பள்ளி பின்னணிச் சோதனை செய்யும். அதற்கு என்ன ஆவணம் வேண்டும் என்பதை அலுவலகத்தில் முதலிலேயே கேட்டுவிடுங்கள், சோதனை முடியச் சில வாரங்கள் ஆகலாம்.