பெற்றோருடன் பாத் நகரம்: அந்தப் பச்சைக் குளத்தில் குளிக்க முடியுமா?

பொருநைக்கரை (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். லண்டனில் வேலை பார்க்கும் நான், திருநெல்வேலியிலிருந்து வந்திருக்கும் என் பெற்றோரை அடுத்த மாதம் இங்கிலாந்தின் பாத் நகரத்துக்கு அழைத்துச் செல்ல எண்ணியிருக்கிறேன். அப்பா ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். ரோமானியர் என்ற சொல்லைக் கேட்டாலே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். அம்மாவின் கணக்கு வேறு. அங்குள்ள ரோமானியர் காலக் குளியலகத்தில் பச்சை நீரும் சுற்றிலும் தூண்களும் மேலே ஆவியுமாக இருந்த ஒரு படத்தைக் கைப்பேசியில் பார்த்ததிலிருந்து, "வெந்நீர் ஊற்று முட்டுவலிக்கு நல்லதுதானே, ஒரு முழுக்குப் போட்டுவிட்டு வருவோம்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அந்தக் குளத்தில் உண்மையிலேயே குளிக்க விடுவார்களா? காலையில் போய் இரவு திரும்பினால் போதுமா, ஒரு நாள் தங்க வேண்டுமா? அம்மாவால் சமதளத்தில் அரைமணி நேரம் நடக்க முடியும். ஏற்றம் என்றால் சிரமம். அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பிரிஸ்டல்வாசி:

முதல் கேள்விக்கு விடை, முடியாது என்பதுதான். அந்தக் குளத்தில் குளிக்க மட்டுமல்ல, கை நனைக்கவும் வேண்டாம் என்றுதான் அங்கே எழுதி வைத்திருக்கிறார்கள். ரோமானியர் காலத்தில் அதற்குக் கூரை இருந்தது. இப்போது திறந்தவெளியாகிவிட்டதால் வெயில் பட்டுப் பாசி வளர்கிறது. படத்தில் அம்மா பார்த்த பச்சை நிறம் அதுதான். 1978-இல் இந்த ஊற்றுநீரில் நீந்திய ஒரு சிறுமி, நீரிலிருந்த அமீபாவால் மூளைக்காய்ச்சல் கண்டு இறந்துபோனாள். அதன்பிறகு பொதுமக்கள் குளிப்பது நிறுத்தப்பட்டது. இதை அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நேரே அழைத்துப் போய்க் குளத்தின் ஓரத்தில் நிறுத்திவிட்டுச் சொன்னால் ஏமாற்றம் பெரிதாக இருக்கும்.

ஆனால் குளிக்க முடியாது என்பதற்காக அந்த இடத்தைத் தவிர்த்துவிடாதீர்கள். மெண்டிப் குன்றுகளில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பு பெய்த மழை, சுண்ணாம்புப் பாறையின் வழியாக 2,700 மீட்டருக்கும் கீழே இறங்கி, பூமியின் சூட்டில் கொதிநிலையை நெருங்கி, பாறைப் பிளவு வழியாக மேலேறி இங்கே 46 டிகிரி செல்சியஸில் வெளிவருகிறது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 11,70,000 லிட்டர். உள்ளே போனதும் எல்லோரும் பெரிய குளத்தைப் படம் எடுப்பதிலேயே நேரத்தைச் செலவிடுகிறார்கள். நீங்கள் ஊற்றிலிருந்து மிகுதிநீர் வழிந்தோடும் கல்வாய்க்குப் போய்ச் சற்று நில்லுங்கள். நீர் விழும் கல் முழுவதும் இரும்புச்சத்து படிந்து செங்காவி நிறத்தில் இருக்கும். முகத்தில் ஆவி அடிக்கும். ரோமானியர் கட்டிய வடிகாலில் இன்றும் நீர் ஓடும் ஓசை கேட்கும். எனக்கு அந்த ஊரிலேயே பிடித்த இடம் அதுதான்.

அப்பாவுக்கு அருங்காட்சியகப் பகுதியில் தாராளமாக இரண்டு மணி நேரம் கொடுங்கள். ரோமானியர் வருவதற்கு முன்பே இங்கிருந்த மக்கள் சூலிஸ் என்ற பெண் தெய்வத்தை வழிபட்டார்கள். வந்தவர்கள் அவளைத் தங்கள் மினர்வாவோடு இணைத்துச் சூலிஸ் மினர்வா ஆக்கி, ஏறத்தாழ கி.பி. 60, 70களில் கோயில் கட்டினார்கள். அந்தத் தெய்வத்தின் பொன்முலாம் பூசிய வெண்கலத் தலை 1727-இல் தெருவில் பள்ளம் தோண்டியபோது கிடைத்தது. பக்தர்கள் ஊற்றில் எறிந்த 12,000-க்கும் மேற்பட்ட காசுகளும், ஈயத் தகடுகளில் எழுதிப் போட்ட சுமார் 130 சாபங்களும் கிடைத்திருக்கின்றன. தோகிமேதிஸ் என்பவர் தம் கையுறை இரண்டும் திருட்டுப்போனதற்காக, திருடியவனின் புத்தியும் கண்களும் போக வேண்டும் என்று தெய்வத்திடம் முறையிட்டிருக்கிறார். திருட்டுக்கு நீதி கேட்டு ஆனைமலை மாசாணியம்மனுக்கு மிளகாய் அரைத்துப் பூசுவதைக் கேள்விப்பட்ட அம்மாவுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டிய தேவையே இருக்காது.

நடையைப் பொறுத்தவரை, ரயில் நிலையத்திலிருந்து குளியலகம் வரை பத்து நிமிடம், எல்லாம் சமதளம். உள்ளே மின்தூக்கி உண்டு. ஆனால் குளத்தைச் சுற்றியுள்ள கற்கள் தேய்ந்து மேடுபள்ளமாக இருக்கும், ஈரமும் இருக்கும். அம்மாவுக்குப் பிடிமானமுள்ள காலணி அவசியம். ஒரு நாள் போதும் என்பது என் கருத்து.

கொங்குமகள்:

மேலே எழுதியவர் குளத்தைப் பற்றிச் சொன்னதெல்லாம் சரி. ஆனால் குளிக்கவே முடியாது என்று அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள். அதே ஊற்றுகளின் நீரில் குளிக்க, சில நிமிட நடையில் தெர்மே பாத் ஸ்பா இருக்கிறது. 2006-இல் திறந்தார்கள். ஆழத்திலிருந்து குழாய்க் கிணறு வழியாக எடுத்துத் தூய்மைப்படுத்திய நீரை 33 டிகிரி அளவுக்கு ஆறவைத்துக் குளங்களில் விடுகிறார்கள். ஆகவே நம் ஊரில் வெந்நீர் என்று நினைக்கும் சூடு இருக்காது, இதமாக இருக்கும். மொட்டைமாடியில் ஒரு குளம் உண்டு. மாலை இருட்டும் நேரத்தில் அதில் கழுத்தளவு நீரில் நின்றபடி தேவாலயக் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த என் மாமியார், போதும் வாருங்கள் என்று நான் மூன்று முறை அழைத்த பிறகே வெளியே வந்தார்.

அம்மாவிடம் பேசி முடிவு செய்ய வேண்டியவை சில இருக்கின்றன. நீச்சலுடை கட்டாயம், புடவையோடோ சுடிதாரோடோ இறங்க முடியாது. ஆண்களும் பெண்களும் ஒரே குளத்தில்தான் இருப்பார்கள். என் மாமியாருக்கு முழங்கால் வரை மறைக்கும் நீச்சலுடையை லண்டனிலேயே வாங்கி, வீட்டில் ஒருமுறை அணிந்து பார்க்கச் செய்து, கூச்சம் தெளிந்த பிறகே அழைத்துப் போனேன். பதினாறு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு அனுமதி இல்லை. வார இறுதியில் கட்டணமும் கூட்டமும் அதிகம். இரத்த அழுத்தம், இதயக் கோளாறு இருந்தால் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

முட்டுவலி குணமாகுமா என்றால், அன்று இரவு நன்றாகத் தூங்கினார் என்பதற்கு மேல் நான் எதுவும் சொல்ல மாட்டேன். ஆனால் அம்மாவின் நம்பிக்கை புதிதல்ல. தொழுநோய் கண்ட பிளாடுட் என்ற இளவரசன், தான் மேய்த்த பன்றிகள் இங்குள்ள சூடான சேற்றில் புரண்டு சருமம் தெளிந்ததைப் பார்த்துத் தானும் புரண்டு குணமாகி இந்த ஊரை உண்டாக்கினான் என்பதுதான் தலபுராணம். ஏழை நோயாளிகளுக்கு இந்த நீரால் சிகிச்சை தர 1738-இல் மருத்துவமனையே தொடங்கினார்கள். முடங்கிய கை கால்களோடு வந்த சிலர் நடந்து திரும்பியது வெறுங்கதை இல்லை என்கிறார்கள். அந்தக் காலத்து மதுவிலும் பாத்திரங்களிலும் இருந்த ஈயம் உடலில் சேர்ந்து பலருக்கு வாதம் வந்தது. கழுத்துவரை நீரில் நெடுநேரம் இருந்தால் சிறுநீர் மிகுந்து ஈயம் வெளியேறும் என்பது பிற்காலச் சோதனையில் தெரிந்தது. ரோமானியர் தங்கள் பெரிய குளத்துக்கு அடித்தளமாக விரித்ததே 45 ஈயத் தகடுகள் என்பது தனி வேடிக்கை.

காலையில் அருங்காட்சியகம், பிற்பகலில் ஓய்வு, மாலையில் குளியல், பிறகு நல்ல உறக்கம் என்று வைத்துக்கொண்டால் ஓர் இரவு தங்குவதே நல்லது. குளித்த உடலோடு ஒன்றரை மணி நேரம் ரயிலில் உட்கார்ந்து வருவது வயதானவர்களுக்குச் சுகமில்லை.

கட்டடப்பித்தன்:

குளியலைப் பற்றியே எல்லோரும் பேசுகிறீர்கள். தேன் நிறத்தில் இருக்கும் பாத் கல்லால் கட்டிய தெருக்களைப் பார்க்காமல் வந்தால் பாதி ஊரைத்தான் பார்த்ததாகும். 1987-இல் நகரம் முழுவதையும் உலகப் பாரம்பரியக் களமாக யுனெஸ்கோ அறிவித்ததற்கு அவையும் காரணம்.

ராயல் கிரசெண்ட் என்ற பிறைவடிவத் தெருவை இளைய ஜான் வுட் 1767 முதல் 1774 வரை கட்டினார். 30 வீடுகள், 114 தூண்கள், ஒரே அரண்மனை போன்ற முகப்பு. ஆனால் அவர் முகப்பை மட்டும்தான் வகுத்துக் கொடுத்தார்; வாங்கியவர்கள் ஆளுக்கொரு கட்டடக்காரரை வைத்துப் பின்பக்கத்தைத் தம் விருப்பப்படி கட்டிக்கொண்டார்கள். ஆகவே முன்னால் படம் எடுத்துவிட்டுப் பின்புறத் தெருவுக்கும் போய்ப் பாருங்கள். ஒரு சுவர் உள்ளே போயிருக்கும், ஒன்று வெளியே தள்ளியிருக்கும், கூரைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் நிற்கும். எனக்கு அந்தப் பின்பக்கம்தான் பிடிக்கும்.

ஓர் எச்சரிக்கை. குவீன் சதுக்கத்திலிருந்து அங்கே போகும் கே தெரு நல்ல ஏற்றம். வரைபடத்தில் தூரம் குறைவாகத் தெரிந்ததை நம்பி என் தந்தையை நடத்திக் கூட்டிப்போய், பாதி வழியில் ஒரு வீட்டு வாசற்படியில் உட்காரவைத்தேன். அம்மாவை வாடகைக் காரில் மேலே அழைத்துச் சென்று, சர்க்கஸ் என்ற வட்டவடிவத் தெருவில் இறக்கிவிட்டால், அங்கிருந்து பிறைத்தெரு வரை சமதளம்தான். இருபுறமும் கடைகள் உள்ள புல்ட்னி பாலம் கீழே ஆற்றங்கரையில் இருப்பதால் அதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.

பொருநைக்கரை:

மூவருக்கும் மிக்க நன்றி. ஓர் இரவு தங்குவதாக முடிவு செய்து, கூட்டம் குறைவாக இருக்கும் என்பதால் செவ்வாய், புதன் கிழமைகளில் போகிறோம். பச்சைக் குளத்தைப் பற்றிச் சொன்னதும் அம்மாவின் முகம் வாடிவிட்டது; நீச்சலுடை என்றதும் பேச்சையே மாற்றிவிட்டார். மாமியார் கதையைப் படித்துக் காட்டிய பிறகு, "அந்த அம்மாவுக்கு என்ன வயது?" என்று மட்டும் கேட்டார். கொங்குமகள், தயவுசெய்து அதைச் சொல்லுங்கள்.

கொங்குமகள்:

எழுபத்தொன்று என்று சொல்லுங்கள். இன்னொன்றும் சொல்லுங்கள்: குளியலகத்தின் பக்கத்திலுள்ள பம்ப் ரூம் என்ற பழைய கூடத்தில் அந்த ஊற்றுநீரைச் சுத்திகரித்துக் குடிக்கத் தருகிறார்கள். வெதுவெதுப்பாக, இரும்பு வாடையோடு இருக்கும். என் மாமியார் ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்துவிட்டு, தீர்த்தத்தை மிச்சம் வைக்கக் கூடாது என்று முழுவதையும் குடித்து முடித்தார்.