கோடாலியும் ஹைட்ராலிக் இயந்திரமும்: விறகு பிளந்தவர்களின் அனுபவங்கள்

இருபது ஆண்டுகள் கோடாலியால் மட்டுமே விறகு பிளந்தவன் நான். மூன்று ஆண்டுகளாக, எண்ணெய் அழுத்தத்தால் பிஸ்டனைத் தள்ளி விறகு பிளக்கும் ஹைட்ராலிக் இயந்திரமும் வைத்திருக்கிறேன். இரண்டில் எது நல்லது என்று கேட்டால் என் பதில் கட்டைக்குக் கட்டை மாறும். ஆனால் ஒன்றை உறுதியாகச் சொல்வேன்: கையால் ஒரு வண்டி விறகாவது பிளந்து பழகாதவர் அந்த இயந்திரத்தின் முன் போய் நிற்கக் கூடாது.

கோடாலியை என் கையில் கொடுத்த நாளில் அப்பா சொன்னது இன்னும் நினைவிருக்கிறது. "கட்டையைத் தொடாதே. முதலில் அதன் முகத்தைப் பார்." அறுத்து வைத்த துண்டின் வெட்டுமுகத்தில் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி மெல்லிய வெடிப்புகள் ஓடும். மரம் எந்த வழியாகப் பிளக்க விரும்புகிறதோ அதை அதுவே கோடு போட்டுக் காட்டிவிடுகிறது. அந்தக் கோட்டின் மேல் கோடாலியின் வாய் விழுந்தால் 3 கிலோ எடையே போதும், துண்டு இரண்டாகிவிடும். கணுவின் மேல் விழுந்தால் கோடாலி சிக்கிக்கொள்ளும், மணிக்கட்டும் அதிரும். துண்டு மிகப் பெரியதாக இருந்தால் நடுவில் அடிப்பது வீண் வேலை. விளிம்பிலிருந்து பலகை பலகையாகச் சுற்றிக் கழற்றிக்கொண்டே உள்ளே போக வேண்டும்.

அடிப்பதிலும் தோள் பலத்தை நம்பக் கூடாது. கோடாலி தன் எடையால் இறங்க வேண்டும், நம் கை அதற்கு வழி காட்டினால் போதும். இறங்கும் கடைசி நொடியில் முழங்காலைச் சற்று மடக்க வேண்டும். அப்போதுதான் கோடாலி நேர்கீழாக விழும். குறி தவறினாலும், துண்டை நிறுத்தி வைத்திருக்கும் அடிக்கட்டையில் போய்ப் பதியும். நிமிர்ந்து நின்றபடி அடித்துக் குறி தவறினால் அது வளைந்து வந்து கணுக்காலைத் தேடும். அடிக்கட்டை முழங்காலுக்குக் கீழே இருப்பதும் முக்கியம். நான் புளியங்கட்டை வைத்திருக்கிறேன். அதன் இழைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் எத்தனை அடி விழுந்தாலும் எளிதில் பிளவு ஓடுவதில்லை.

அதே பின்னல்தான் என்னை இயந்திரத்திடம் கொண்டுபோய் நிறுத்தியது. காற்றில் சாய்ந்த பெரிய வேப்பமரம் ஒன்றைப் பிளக்க வேண்டியிருந்தது. முதல் மூன்று நாட்களில் ஐந்து துண்டுகளைக்கூட முடிக்க முடியவில்லை. இரண்டு இரும்பு ஆப்புகளும் மரத்துக்குள்ளேயே மாட்டிக்கொண்டன. சம்மட்டி அடி வாங்கி வாங்கி ஓர் ஆப்பின் தலை காளான் போல விரிந்திருந்தது. அதை நான் அரத்தால் ராவித் தேய்த்திருக்க வேண்டும், செய்யவில்லை. அந்த விளிம்பிலிருந்து தெறித்த இரும்புச் சில்லு என் முன்கையில் பாய்ந்தது. சற்று மேலே வந்திருந்தால் கண் போயிருக்கும். மறுநாளே இயந்திரம் ஒன்றை வாடகைக்கு எடுத்தேன்.

அதன் பலத்தை முதன்முதலில் பார்த்தபோது பேச்சே வரவில்லை. பத்து செ.மீ. விட்டமுள்ள பிஸ்டன் என்றால் பரப்பு ஏறத்தாழ 78 சதுர செ.மீ. ஒவ்வொரு சதுர செ.மீ. மீதும் எண்ணெய் 175 கிலோ அழுத்துகிறது என்று கணக்கிட்டுப் பாருங்கள், மொத்தம் 13 டன்னைத் தாண்டுகிறது. கட்டையைத் தொடும்வரை பிஸ்டன் விரைவாக நகர்கிறது. தொட்டு எதிர்ப்பு கூடியதும் பம்ப் எண்ணெயின் அளவைக் குறைத்து அழுத்தத்தை ஏற்றுகிறது. என்ஜின் சத்தம் கனக்கும், வேகம் குறையும். வேப்பங்கட்டை முனகிக்கொண்டே நார் நாராகக் கிழிந்தது. அதைப் பிளப்பது என்று சொல்ல மாட்டேன், கிழிப்பதுதான்.

இரண்டாம் நாள் சாய்வாக அறுக்கப்பட்ட துண்டு ஒன்றை வைத்து லீவரைத் தள்ளினேன். ஒரு முனை சமமாக இல்லாததால் பிஸ்டன் தள்ளியபோது துண்டு திரும்பி, விலகி, என் தொடையில் வந்து மோதியது. ஒரு மாதம் நொண்டினேன். கோடாலி வேலையாக இருந்தால் அந்தத் துண்டை நிறுத்திப் பார்த்த உடனேயே ஒதுக்கியிருப்பேன். இயந்திரம் இருக்கிறதே என்ற நினைப்பில் முகத்தைப் பார்க்காமல் வைத்துவிட்டேன்.

*

ஐயா, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் "கையால் பழகாதவர் நிற்கக் கூடாது" என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. நான் கோடாலியைத் தூக்கியதே இல்லை. தோளில் அறுவை சிகிச்சை நடந்த பிறகு தலைக்கு மேலே கை போவதில்லை. இயந்திரம் வரும்வரை ஒவ்வொரு சிராய்க்கும் யாரையாவது எதிர்பார்த்து நின்றேன். என்னுடையதை நிமிர்த்தியும் வைக்கலாம். பெரிய துண்டுகளைத் தூக்க வேண்டியதில்லை, உருட்டிக் கொண்டுவந்து நிறுத்தினால் போதும். என் விறகை நானே பிளக்கிறேன் என்பது எனக்கு எவ்வளவு பெரியது என்பதைச் சொல்லில் எழுத முடியாது.

மரத்தைப் படிக்க இயந்திரமும் கற்றுக்கொடுக்கிறது. ஆப்பு மெதுவாக இறங்குவதால், வெடிப்பு எங்கே ஓடுகிறது, எந்தக் கணுவில் தயங்கித் திரும்புகிறது என்று கண்ணால் பார்க்க முடிகிறது. மூன்று மாதத்தில் எனக்கு அது பிடிபட்டுவிட்டது.

நான் பயந்தது வேறொரு நாளில். என் தம்பி கட்டையை வைப்பான், நான் லீவரைத் தள்ளுவேன். வேலை இரட்டிப்பு வேகத்தில் நடந்தது. ஒருமுறை அவன் "சரி" என்றதாக எண்ணித் தள்ளிவிட்டேன். அவன் சொன்னது "இரு". இரும்புத் தட்டுக்கும் கட்டைக்கும் நடுவில் அவன் கையுறையின் நுனி சிக்கியது. விரல் அதற்குள் வெளியே வந்துவிட்டது. அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. கட்டையை வைப்பவரேதான் லீவரையும் தொட வேண்டும், மற்றவர் பிளந்ததை அடுக்கலாம். எங்கள் வீட்டில் இது மாற்றமில்லாத விதி.

*

இருவரும் எண்ணெய்க் குழாயைப் பற்றி எழுதவில்லை. தயவுசெய்து இதைப் படியுங்கள்.

என்னுடன் வேலை செய்த ஒருவர், குழாயில் ஈரம் தெரிகிறதே என்று, என்ஜின் ஓடும்போதே கையால் தடவிப் பார்த்தார். ஊசிமுனை அளவு ஓட்டை. அந்த அழுத்தத்தில் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விட்டது. வெளியே ஒரு சிறு புள்ளி மட்டும்தான் தெரிந்தது, வலியும் அதிகமில்லை. "முள் குத்தினது போல இருக்கிறது" என்றார். மாலைக்குள் கை வீங்கிக் கல்லாகிவிட்டது. உள்ளே பரவிய எண்ணெய் தசையை அழிக்கத் தொடங்கியிருந்தது. கையைத் திறந்து சுத்தம் செய்தார்கள். கை பிழைத்தது, ஓர் விரல் மட்டும் இன்றும் முழுதாக மடங்குவதில்லை.

கசிவைப் பார்க்க ஓர் அட்டைத் துண்டைக் குழாய்க்குப் பக்கத்தில் நீட்டுங்கள், கையை ஒருபோதும் நீட்டாதீர்கள். குழாயைக் கழற்றும் முன் என்ஜினை நிறுத்தி, லீவரை முன்னும் பின்னும் அசைத்து அழுத்தத்தை இறக்கிவிடுங்கள். தோலில் எண்ணெய் பாய்ந்தது என்ற சந்தேகம் வந்தாலே, வலிக்காக காத்திருக்காமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

*

நான் இங்கே முதன்முறையாக எழுதுகிறேன். நேரான இழையுள்ள, நடுத்தர அளவுத் துண்டுகளில் இயந்திரத்துக்கு முன்பே கோடாலி முடித்துவிடும். பிஸ்டன் ஒருமுறை போய்வரும் நேரத்தில் நான் இரண்டு துண்டுகளைப் பிளந்துவிடுவேன். ஒரு மணி நேரம் கழித்து நிலைமை தலைகீழாகிவிடும், அது உண்மை. யூகலிப்டஸ் வைத்திருப்பவர்கள் மட்டும் காயவிட்டுப் பிளக்கலாம் என்று எண்ணாதீர்கள். பச்சையாக இருக்கும்போது வழிவிடும் கட்டை, காய்ந்தபின் இறுகிவிடும். பட்டையோடு முழுதாகக் கிடந்தால் உள் ஈரம் வெளியேறுவதும் தாமதமாகும்.

*

மேலே முதலில் எழுதியவன்தான் மீண்டும் எழுதுகிறேன். அம்மா, நீங்கள் சொன்னது சரி. கையால் பழகியிருக்க வேண்டும் என்பதை விலக்கிக்கொள்கிறேன். கட்டையின் முகத்தைப் பார்க்கப் பழகியிருக்க வேண்டும் என்று திருத்திக்கொள்ளுங்கள், இதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். எண்ணெய்க் குழாய் பற்றி எழுதிய நண்பருக்கு நன்றி. இன்று காலை அட்டையோடு போய்ப் பார்த்தேன். வளைவில் ஒரு குழாயின் மேலுறை தேய்ந்து உள்ளே இருக்கும் கம்பிப் பின்னல் தெரிகிறது. மாற்றும்வரை இயந்திரத்தை ஓட்டப் போவதில்லை.

ஒரு கேள்வி. நிமிர்த்தி வைத்து வேலை செய்யும்போது உட்காருவீர்களா, குனிவீர்களா? என் முதுகு குனிய விடுவதில்லை.

*

மண்டியிட்டுத்தான் ஐயா, அடியில் சாக்கை நாலாக மடித்துப் போட்டு. முக்காலியில் உட்கார்ந்தும் பார்த்தேன். கட்டை சாய்ந்தபோது சட்டென விலக முடியவில்லை, அன்றோடு விட்டுவிட்டேன்.