சாதித்தவரிடம் பேட்டி: வலியைக் கேட்பதா, வேலையைக் கேட்பதா?

கூடல்நகரான்:
நோயையும் விபத்தையும் தாண்டி வந்து பொதுப்பணி செய்தவர்களைப் பேட்டி கண்டு ஒலித்தொடராக வெளியிட ஒரு கல்லூரி மாணவர் குழு திட்டமிட்டிருக்கிறது. கேள்விப் பட்டியலை இங்கே பார்வைக்கு வைத்திருக்கிறார்கள். இருபது கேள்விகளில் பதின்மூன்று, "அந்த நாளை நினைத்தால் என்ன தோன்றுகிறது?", "மனம் உடைந்துபோன நேரம் எது?" என்ற ரகம். அந்தப் பதின்மூன்றையும் எடுத்துவிட வேண்டும் என்பது என் கட்சி.

"டாக்டர் வி." என்று அழைக்கப்பட்ட மதுரை டாக்டர் கோ. வெங்கடசாமியை எடுத்துக்கொள்ளுங்கள். ராணுவ மருத்துவப் பணியில் இருந்தார், முடக்குவாதம் என்னும் மூட்டு நோய் வந்து 1948இல் வெளியேறினார், விரல்கள் கோணிப்போயின, விடாப்பிடியாகக் கண் மருத்துவம் பயின்றார், 1976இல் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார், தன் கையால் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைச் சிகிச்சை செய்தார். அவரைப் பற்றிய கட்டுரைகள் பெரும்பாலும் இந்த வரிசையிலேயே போய் முடிகின்றன. 1948க்கும் 1976க்கும் நடுவே 28 ஆண்டுகள் இருக்கின்றன. அதில் 20 ஆண்டு, 1956 முதல், மதுரை அரசு மருத்துவக் கல்லூரியில் கண் மருத்துவத் துறைத் தலைவர். ஊர் ஊராக முகாம் போட்டதும், மருத்துவர் அல்லாதவர்களுக்குக் கண் பரிசோதனை கற்றுக்கொடுத்ததும் அந்தக் காலத்தில்தான். 58 வயதில் ஓய்வு பெற்று 11 படுக்கையோடு ஆரம்பித்தபோது, எது ஓடும் எது ஓடாது என்று அவருக்கு அத்துப்படி. விரலைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தால் அந்த 28 ஆண்டும் கண்ணில் படாது.

சிற்றாறு:
கடுமையாக மறுக்கிறேன். வலியைக் கேட்காத பேட்டி நிறுவனத்தின் ஆண்டறிக்கை போலத்தான் இருக்கும். அதை வாசிக்க ஓர் ஆள் எதற்கு?

மாற்றுத்திறனாளிகளுக்கு மறுவாழ்வு தரும் ஆய்க்குடி அமர் சேவா சங்கத்தைப் பாருங்கள். நிறுவனர் ராமகிருஷ்ணன் 1975இல் பொறியியல் மாணவர். கடற்படை அதிகாரித் தேர்வின் உடல்திறன் சோதனையில் கீழே விழுந்து கழுத்தில் அடிபட்டது. கழுத்துக்குக் கீழே செயலிழந்துவிட்டது. 1981இல் சொந்த ஊரிலேயே சங்கத்தைத் தொடங்கினார். 2020இல் பத்மஸ்ரீ. சங்கத்தின் பெயரில் இருக்கும் "அமர்" யார்? ராமகிருஷ்ணனுக்கு மருத்துவம் பார்த்த விமானப்படை மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹல். ஒரு நோயாளி தன் வாழ்நாள் பணிக்கு மருத்துவரின் பெயரை வைக்கிறார் என்றால், அந்த மருத்துவமனைக் கட்டிலருகே என்ன நடந்தது? என்ன சொல்லிக்கொடுத்தார், எதைச் செய்யவிட்டார், எதைச் செய்யவிடவில்லை? மறுவாழ்வுப் பயிற்சியின் வேரே அங்கேதான் இருக்கிறது. உங்கள் பட்டியலில் இதைக் கேட்க இடமே இல்லை.

டாக்டர் வி. விஷயத்திலும் அப்படித்தான். கோணிய விரலால் கத்தியை எந்த இடத்தில் பிடித்தார், எந்த விரலில் அழுத்தம் கொடுத்தார் என்று கேட்பது வலியைக் கேட்பதா, வேலையைக் கேட்பதா? பிரிக்க முடியாததைப் பிரிக்கிறீர்கள்.

கூடல்நகரான்:
"கத்தியை எப்படிப் பிடித்தீர்கள்" என்பதை நான் தாராளமாக ஏற்கிறேன். அதற்குக் கையைக் காட்டி விளக்கம் சொல்லலாம். "விரல் கோணியபோது எப்படி உணர்ந்தீர்கள்" என்பதற்கு என்ன சொல்ல முடியும்? இப்படிப்பட்டவர்கள் அந்தக் கேள்விக்குப் பல நூறு மேடைகளில் பதில் சொல்லியாயிற்று. மனப்பாடமான பதில்தான் வரும். கேட்பவர் கண்கலங்குவார், பதிவில் புதிதாக ஒரு வரிகூட இருக்காது.

செவிலி_தென்காசி:
எந்தக் கேள்வி என்று சண்டை போடுவதற்கு முன்னால், அந்த மனிதரை எத்தனை மணிக்கு, எப்படி உட்கார வைத்துக் கேட்கப் போகிறார்கள் என்று மாணவர்கள் யோசித்தார்களா? பட்டியலில் "காலை 8 மணி" என்று போட்டிருக்கிறார்கள். தண்டுவடம் அடிபட்டவருக்கு அது ஆகாது. மலம் கழிக்க வைப்பது, குளிப்பாட்டுவது, உடுத்துவது, நாற்காலிக்கு மாற்றுவது எல்லாம் முடியச் சில நேரம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். எட்டு மணிக்கு வருகிறோம் என்றால் அவரை விடியுமுன் எழுப்ப வேண்டியிருக்கும். முற்பகல் 11 அல்லது மாலை 4 என்று வையுங்கள். முடக்குவாதக்காரருக்கும் காலை வேண்டாம். எழுந்த பிறகு ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் மூட்டு இறுகிக் கிடக்கும்.

ஒரே இடத்தில் உட்கார்ந்தால் படுக்கைப் புண் வரும், அந்த இடத்தில் உணர்வு இல்லாததால் அவருக்கே தெரியாது. அரை மணிக்கு ஒரு தடவையாவது பதிவை நிறுத்தி, உதவியாளர் அவரைச் சாய்த்து இரண்டு நிமிடம் அழுத்தம் எடுக்க விட வேண்டும். "நல்ல இடத்தில் இருக்கிறோம், இன்னும் பத்து நிமிஷம்" என்று கெஞ்சக் கூடாது. அவர் நாகரிகம் கருதிச் சரி என்பார். ஆழமான புண் ஆற மாதக்கணக்கில் ஆகும்.

படப்பிடிப்பு விளக்கு வேண்டவே வேண்டாம். கழுத்தில் அடிபட்டவருக்கு அடிபட்ட இடத்துக்குக் கீழே வியர்க்காது. உடம்புச் சூடு ஏறினால் இறங்காது. சன்னல் வெளிச்சமும் மின்விசிறியும் போதும். விசிறிச் சத்தம் பதிவில் விழுந்தால் விழட்டும்.

இன்னொன்று, குழுவில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. மார்புப் பகுதியின் ஆறாவது முள்ளெலும்பிலோ அதற்கு மேலோ தண்டுவடம் பாதித்தவருக்குப் பேசிக்கொண்டிருக்கும்போதே தலை பிளக்கிற மாதிரி வலி, முகம் சிவந்து வியர்ப்பது என்று வந்தால், ரத்த அழுத்தம் திடீரென்று ஏறுகிறது என்று பொருள். பெரும்பாலும் சிறுநீர்க் குழாய் மடங்கியிருக்கும், அல்லது பை நிரம்பியிருக்கும். படுக்க வைக்காதீர்கள். நிமிர்த்தி உட்கார வைத்து, இறுக்கமான பட்டையைத் தளர்த்தி, குழாயை நீவிப் பார்க்க வேண்டும். வலி அடங்காவிட்டால் உடனே மருத்துவர். ஒலிவாங்கிக் கம்பியை நாற்காலியில் சுற்றும்போதே அந்தக் குழாயை நசுக்கிவிடும் வாய்ப்பு உண்டு. கம்பியை முதுகுப் பக்கமாகக் கொண்டு போங்கள்.

ஒலிப்பேழை:
சகோதரி சொன்னதோடு ஒலி பற்றி ஒன்று. கழுத்தில் அடிபட்டவருக்கு விலா எலும்புத் தசை வேலை செய்யாது. மூச்சு குட்டை, குரல் தணிவு, ஒரு வாக்கியத்துக்குள் இரண்டு இடத்தில் நிற்பார். மேசையில் ஒலிவாங்கி வைத்தால் அறைச் சத்தம்தான் கேட்கும். சட்டையில் குத்தும் சிறு ஒலிவாங்கியை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் வையுங்கள். அவர் நிற்கும்போது பதில் முடிந்துவிட்டது என்று நினைத்து அடுத்த கேள்விக்குத் தாவுவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தப்பு. மனத்துக்குள் ஐந்து எண்ணுங்கள். தொகுக்கும்போதும் அந்த மூச்சு இடைவெளியை வெட்டாதீர்கள். வெட்டினால் வேறு யாரோ பேசுவதுபோல் ஆகிவிடும்.

ஒரு மணி நேரப் பதிவை எழுத்தாக்க நான்கு முதல் ஆறு மணி நேரம் ஆகும். அதனால் ஒரே நாளில் மூன்று பேர் என்ற திட்டத்தைக் கைவிடுங்கள்.

முகாம்வண்டி:
கூடல்நகரான் சொன்ன பக்கம் நிற்கிறேன். வேலையைக் கேட்டால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஓர் உதாரணம்.

டாக்டர் வி. "இலவசமாகச் செய்தார்" என்று எல்லோரும் எழுதுகிறார்கள். இலவசம் என்று அறிவித்தால் மட்டும் ஆள் வந்துவிடவில்லை, அங்கேதான் விஷயம் இருக்கிறது. கிராமத்துப் பாட்டிக்கு மதுரைக்கு வரப் பஸ் காசு வேண்டும், சாப்பாடு வேண்டும், கூட வரும் மகனுக்கு அன்றைய கூலி போகும். சிகிச்சை இலவசம், போய்வருவது இலவசமில்லை. அதனால் முகாமில் கண்புரை கண்டவர்களை அன்றே வண்டியில் ஏற்றி, சாப்பாடு போட்டு, அறுவை முடித்துத் திரும்ப ஊரில் இறக்கிவிடும் ஏற்பாடு வந்தது. ஒரே ஊர்க்காரர்கள் கும்பலாகப் போவதால் பயமும் குறையும். "எந்த முகாம் தோற்றது, ஏன்?" என்று கேட்டால்தான் இது வெளியே வரும். "உங்களை இயக்கியது எது?" என்று கேட்டால் கருணை என்ற ஒற்றைச் சொல்தான் வரும்.

அரவிந்தின் அறுவை அறையும் அப்படியே. ஒரு மருத்துவர், இரண்டு மேசை. ஒன்றில் அறுவை நடக்கும்போதே அடுத்த மேசையில் இன்னொருவர் தயாராகப் படுத்திருப்பார். மேசைக்கு மேசை கருவி எடுத்துத்தரச் செவிலி உண்டு. முடிந்ததும் மருத்துவர் நுண்ணோக்கியைத் திருப்பிக்கொண்டு அடுத்ததைத் தொடங்குவார், கட்டுப் போடுவதைச் செவிலி பார்த்துக்கொள்வார். ஒரு மருத்துவர் ஆண்டுக்கு 2000க்கு மேல் செய்ய முடிவது இதனால்தான். இதில் தவறக் கூடியது கிருமித் தொற்று. வேகம் கூடி, கருவி சுத்தம் ஒரு நாள் பிசகினால் ஒருவருக்கல்ல, அன்று வந்த அத்தனை பேருக்கும் கண் போகலாம். அதை எப்படிக் கண்காணித்தார்கள் என்பது எந்தப் பேட்டியிலும் கட்டாயம் இருக்க வேண்டிய கேள்வி.

சிற்றாறு:
முகாம்வண்டி, வசதியுள்ளவர் கட்டணத்தில் ஏழைக்கு இலவசம், அவ்வளவுதானே கணக்கு? அதற்கு இத்தனை நுணுக்கம் எதற்கு?

முகாம்வண்டி:
அது பாதிக் கணக்கு. ஓர் அறுவைக்கு ஆகும் செலவு குறையாமல் இருந்தால், கட்டணம் கட்டுபவரிடம் எவ்வளவு வாங்கியும் தாங்காது. செலவில் பெரியது மருத்துவரின் நேரம், அதை இரண்டு மேசை குறைத்தது. அடுத்தது லென்ஸ். முன்பெல்லாம் புரையை எடுத்துவிட்டு, பத்து டயாப்டர் (பவர்) அளவில் தடித்த கண்ணாடி கொடுப்பார்கள். கண்ணாடி உடைந்தாலோ தொலைந்தாலோ அந்த ஆள் மறுபடி குருடர். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் இதற்குத் தீர்வு, ஆனால் வெளிநாட்டில் அதன் விலை 100 டாலர் அளவில் இருந்தது. 1992இல் அரவிந்தின் லென்ஸ் தயாரிப்பு நிறுவனமான ஆரோலேப்பைத் தொடங்கி மதுரையிலேயே செய்து 10 டாலர் அளவுக்குக் கொண்டு வந்தார்கள். விலை இறங்கிய பிறகுதான் ஏழைக்கும் அதே லென்ஸ் என்பது நடந்தது.

சிற்றாறு:
இந்த விளக்கம் பேட்டியில் வரட்டும், மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் இருவரும் விட்ட ஒன்று இருக்கிறது. 1976இல் அந்த 11 படுக்கைக்குப் பணம் எங்கிருந்து வந்தது? வங்கி தயங்கிய இடத்தில் குடும்பத்து நகைகள் அடகுக்குப் போயின. டாக்டர் வி. மணமாகாதவர். தங்கை டாக்டர் நாச்சியாரும் அவர் கணவர் டாக்டர் நம்பெருமாள்சாமியும் கண் மருத்துவர்களாக அங்கேயே உழைத்தார்கள். தம்பி சீனிவாசன் கட்டடமும் கணக்கும் பார்த்தார். துன்பத்தைக் கேட்காதே என்றால் இதுவும் சேர்ந்து போய்விடும். ஒருவர் படுக்கையில் விழுந்தால் அவரைத் தூக்கி நிறுத்தியவர் ஒருவர் இருப்பார். வேலையை மட்டும் கேட்டால் நிறுவனருக்குப் பெயர் கிடைக்கும், தூக்கியவருக்கு ஒன்றும் இல்லை.

அதே கேள்வி அந்தச் செவிலிப் பெண்களுக்கும் பொருந்தும். பள்ளிப் படிப்பு முடித்த கிராமத்துப் பெண்களை எடுத்து இரண்டு ஆண்டு பயிற்சி கொடுத்ததால்தான் இரண்டு மேசை ஓடுகிறது. பயிற்சிக்குப் பின் ஊதியம் என்ன, கல்யாணம் ஆன பிறகும் வேலையில் தொடர முடிகிறதா என்று அவர்களிடமே கேளுங்கள். தொண்டின் சுமை யார் தோளில் இருக்கிறது என்று தெரிய வேண்டும்.

கூடல்நகரான்:
இது கனமான வாதம், ஏற்கிறேன். ஆனால் "தூக்கி நிறுத்தியவர் யார்?" என்ற கேள்வி மாணவர்களின் பதின்மூன்றில் ஒன்றுகூட இல்லை. அவை எல்லாம் ஒற்றை மனிதரின் கண்ணீரைத்தான் கேட்கின்றன. அதனால் அந்தப் பதின்மூன்றை நீக்கும் நிலையிலிருந்து நான் இறங்கவில்லை. மாற்றாக இந்த வரிசை இருக்கட்டும்: நேற்று காலையிலிருந்து என்ன வேலை பார்த்தீர்கள்? அதில் எதை முதலில் வேறு மாதிரி செய்து பார்த்துக் கைவிட்டீர்கள்? யாரிடம் கற்றீர்கள்? பணம் முதல் ஆண்டு எப்படி வந்தது? உங்களுக்குப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டவர் யார்? விபத்தையோ நோயையோ அவரே எடுத்தால் கேளுங்கள், தோண்டாதீர்கள்.

சிற்றாறு:
"அவரே எடுத்தால்" என்பது போதாது. சிலர் அழைப்புக்காகக் காத்திருப்பார்கள். இரண்டு நாள் முன்பே தொலைபேசியில், "விபத்து பற்றிப் பேச விருப்பமா, எந்தப் பகுதி வேண்டாம்?" என்று கேட்டுவிடுங்கள். எழுத்தாக்கிய பிறகும் அவருக்கு வாசித்துக் காட்டி, வேண்டாம் என்ற பத்தியை எடுக்க அவருக்கு உரிமை கொடுங்கள்.

கூடல்நகரான்:
இரண்டையும் சேர்த்துக்கொள்கிறேன். பார்த்துக்கொண்டவரிடம் தனியாகப் பேச வேண்டும், பேட்டி தருபவர் முன்னால் வைத்து அல்ல. மனைவியோ தம்பியோ அவர் எதிரில் களைப்பைச் சொல்ல மாட்டார்கள்.

செவிலி_தென்காசி:
அப்படியானால் பேட்டி நாளில் மாற்று உதவியாளர் ஒருவர் வேண்டும். பார்த்துக்கொள்பவரை நீங்கள் பக்கத்து அறைக்குக் கூட்டிப்போகும் நாற்பது நிமிடத்தில் பேட்டி தருபவருக்குத் தண்ணீர் கொடுக்கவும் சாய்க்கவும் ஆள் இருக்காது. மாற்று ஆளுக்கு முதல் நாளே அந்த நாற்காலியின் பூட்டையும் சாய்வையும் காட்டிக்கொடுத்துவிடுங்கள்.