மகள் குட்டையாம், வாலிபால் ஆட லாயக்கில்லையாம். கிம் யோன்-கியோங் கதை உண்மையா?

சிப்புட் அம்மா:
வணக்கம். நாங்கள் மலேசியா, சுங்கை சிப்புட். தோட்டத்தை விட்டு தாமான் வீட்டுக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது, வீட்டுக்காரர் இன்னும் செம்பனை லோரிதான் ஓட்டுகிறார். மகள் இரண்டாம் படிவம், உயரம் 148 செண்டிமீட்டர். பள்ளி வாலிபால் அணியில் பேர் இருக்கிறது, ஆனால் போட்டி என்று வந்தால் தண்ணீர் போத்தலைத் தூக்கிக்கொண்டு ஓரத்தில் உட்கார வேண்டியதுதான். பயிற்சி தருகிறவர் போன வாரம் பிள்ளைகள் எல்லார் முன்னாலும் "உனக்கு உயரம் பத்தாது, போலா ஜாரிங் (நெட்பால்) பக்கம் போ" என்று சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து சோறு சாப்பிடவில்லை. இரவு போனில் யாரோ கொரியக்காரி வீடியோவைக் காட்டி, "அம்மா, இவங்களும் என் வயசுல குட்டைதானாம், அப்புறம் உலகத்துலயே பெரிய ஆட்டக்காரி ஆயிட்டாங்களாம்" என்கிறாள். உண்மையா, இல்லை போனில் வருகிற கதையா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நெட்டுக்குக் கீழே:
உண்மைதான் அக்கா. கிம் யோன்-கியோங், 1988இல் பிறந்தவர். அக்காவைப் பார்த்துதான் வாலிபாலுக்கே வந்தார். இப்போது 192 செண்டிமீட்டர், ஆனால் பள்ளிக்கூடத்தில் ஆரம்ப வருஷங்களில் கட்டைதான். நெட்டுக்கு மேலே ஓங்கி ஸ்பைக் அடிக்க விடாமல், பந்தைத் தூக்கிக் கொடுக்கிற செட்டர், பின்னால் நின்று பந்து எடுக்கிற லிபரோ என்று கிடைத்த இடத்தில் எல்லாம் போட்டிருக்கிறார்கள். உயர்நிலைப் பள்ளியில்தான் 20 செண்டிமீட்டருக்கு மேல் கிடுகிடுவென்று வளர்ந்தார். என்னைக் கேட்டால் வளர்ந்ததைவிட அதற்கு முந்தின காலம்தான் முக்கியம். உயரமான அடிக்காரர்கள் நிறையப் பேருக்குக் கீழே வருகிற பந்தை எடுக்க வராது, சர்வ் வந்தால் ஒதுங்கி நிற்பார்கள். இவர் குட்டையாக இருந்தபோது பந்து எடுத்து எடுத்தே பழகியவர், அதனால் சர்வ் எடுப்பதும் அவரே, அடுத்த நொடி ஓடி வந்து அடிப்பதும் அவரே.

2005இல் ஹியுங்குக் லைஃப் கிளப்பில் சேர்ந்தார், முதல் சீசனிலேயே சிறந்த புதுமுகம், சிறந்த ஆட்டக்காரர் இரண்டும் வாங்கினார். அப்புறம் ஜப்பான், 2011இலிருந்து 2017 வரை துருக்கியில் ஃபெனர்பாஹ்சே, நடுவில் 2012இல் ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் கோப்பை. அதே வருஷம் லண்டன் ஒலிம்பிக்கில் 207 புள்ளி. கொரியா நான்காவது இடம்தான், ஆனாலும் சிறந்த ஆட்டக்காரர் விருதை இவருக்குத்தான் கொடுத்தார்கள். பதக்கமே இல்லாத அணியின் ஆளுக்கு!

டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜப்பானோடு ஆடிய ஆட்டத்தை மகளோடு உட்கார்ந்து பாருங்கள். ஐந்தாவது செட்டில் ஜப்பான் 14-12, ஒரு புள்ளி எடுத்தால் கதை முடிந்தது. அங்கிருந்து கொரியா வரிசையாக நாலு புள்ளி எடுத்து 16-14. அவர் தொடையைக் கவனியுங்கள், டேப் ஒட்டி ஒட்டிப் பிய்த்த இடம் ரத்தம் கட்டிச் சிவந்து கிடக்கும்.

பழைய பாடாங்:
கதை நல்ல கதைதான் தம்பி, மறுக்கவில்லை. ஆனால் கிம் வளர்ந்தார், இந்தப் பிள்ளை வளராமலும் போகலாம், அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அங்கே உயர்நிலைப் பள்ளி முடிக்கும்போதே கிளப்புகள் வந்து ஆளை எடுத்துக்கொண்டு சம்பளம் போடுகின்றன. இங்கே எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) முடித்த நம் பிள்ளைகளுக்கு அந்த மாதிரி வழி திறந்து நான் பார்த்ததில்லை. எங்கள் தோட்டத்தில் எண்பதுகளில் கோயில் திருவிழாவுக்கு வாலிபால் நடக்கும், இரண்டு பாக்கு மரத்துக்கு நடுவே மீன் வலையைக் கட்டி ஆடுவோம். நன்றாக ஆடிய பெண்கள் அத்தனை பேரும் கல்யாணம் ஆனதோடு நிறுத்தினார்கள். ஆசை காட்டும்போது கொஞ்சம் பார்த்துக் காட்டுங்கள்.

ஈப்போ மருமகள்:
அண்ணே சொல்வதும் சரிதான், ஆனால் கொரியா வரைக்கும் ஏன் போகணும், பக்கத்து இந்தோனேசியாவைப் பாருங்களேன். மேகாவதி ஹங்கெஸ்த்ரி, கிழக்கு ஜாவா ஜெம்பர் ஊர்ப் பிள்ளை, துடோங் (தலை முக்காடு) போட்டுக்கொண்டே ஆடுவார். 2023இல் கொரிய லீக் ஆசிய ஆட்டக்காரர்களுக்கு இடம் திறந்ததும் உள்ளே போனவர். 2025 ஏப்ரல் இறுதிச் சுற்றில் கிம்முக்கு எதிரே நின்றவரும் இவர்தான். ஐந்தாவது ஆட்டம் வரை இழுத்து, கடைசியில் கிம் அணி 3-2 என்று ஜெயித்தது. 37 வயதில் கோப்பையோடு கிம் ஓய்வு பெற்றார்.

சரி, உங்கள் மகள் விஷயம். நான் பள்ளியில் லிபரோ ஆடியவள், 153 செண்டிமீட்டர். லிபரோ தனி நிறச் சட்டை போட்டுப் பின்வரிசையில் மட்டும் நிற்பார். எதிரணி அடிக்கிற பந்தை நெட் பக்கம் கை தூக்கி மறிக்க (பிளாக்) கூடாது, நெட்டுக்கு மேலே இருக்கிற பந்தை அடிக்கவும் கூடாது, அதனால் உயரம் அவ்வளவு பொருட்டில்லை. சர்வ் எடுக்கத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். பயிற்சியாளரிடம் சண்டைக்குப் போகாதீர்கள், "லிபரோவாகப் போட்டுப் பாருங்கள் சார்" என்று மகளையே கேட்கச் சொல்லுங்கள். வீட்டில் சுவர் இருந்தால் போதும். இரண்டு முழங்கையையும் நீட்டி, கட்டைவிரல் இரண்டும் ஒட்டி, மணிக்கட்டுக்குச் சற்று மேலே பந்து படுகிற மாதிரி விடாமல் 100 தடவை. முதல் வாரம் கை சிவக்கும், பயந்துவிடாதீர்கள்.

சிப்புட் அம்மா:
எல்லாருக்கும் நன்றி. பழைய பாடாங் அண்ணன் சொன்னதையும் அவளிடம் வாசித்துக் காட்டினேன். "வளராட்டியும் பரவாயில்லம்மா, லிபரோனா என்னன்னு மட்டும் இன்னொரு தடவை படிங்க" என்றாள். பின்சந்துச் சுவரில் இன்றைக்கு 61 வரை போயிருக்கிறது. பக்கத்து வீட்டு மாக்சிக் இரண்டு முறை எட்டிப் பார்த்தார், மூன்றாவது முறை வந்தால் கொடுக்க வடை சுட்டு வைத்திருக்கிறேன்.