பெரிய வீட்டுக் குழு: கூட்டுக்குள் பழம்

ரேவதி: (படம்) அத்தை, நீங்கள் கொடுத்த கேப் கூஸ்பெர்ரி விதையில் வந்த செடி. காயைச் சுற்றி உறை, கூடு கூடாகத் தொங்குகிறது. பறிக்கலாமா?

கோத்தகிரி அத்தை: கூடு பச்சையாகத்தானே இருக்கிறது! கை வைக்காதே. அது காய்ந்து வைக்கோல் நிறமானதும் பழம் தானாக உதிரும். செடிக்கடியில் பழைய சாக்கை விரித்து வை, பொறுக்கினால் போதும்.

கார்த்தி: பச்சையாகத் தின்றால் என்ன, புளிக்கும், அவ்வளவுதானே?

கோத்தகிரி அத்தை: தக்காளி, கத்தரி குடும்பம்டா. பச்சைக்காய் வயிற்றைப் புரட்டும். உள்ளே ஆரஞ்சு மஞ்சளாக இருந்தால்தான் வாயில் போட வேண்டும்.

பெரியப்பா: இது நம் காட்டோரம் முளைக்கும் சொடக்குத் தக்காளிதானே? நெற்றியில் அடித்து வெடிப்போமே! இதற்குத் தொட்டி வேறா?

கோத்தகிரி அத்தை: அதற்குச் சொந்தம்தான் அண்ணா, ஆனால் பழம் பெரிது. பெரு நாட்டு மலையிலிருந்து வந்தது, கேப் கூஸ்பெர்ரி. வடக்கே ரஸ்பரி என்று மாசி வாக்கில் தள்ளுவண்டியில் விற்பார்கள்.

ரேவதி: இலைதான் செழிப்பு அத்தை, காய் கம்மி. மீனையும் வெல்லத்தையும் ஊறவைத்த மீன் அமிலம் வாராவாரம் தெளிக்கிறேன்.

கோத்தகிரி அத்தை: முதலில் அதை நிறுத்து. அதில் இருப்பது தழைச்சத்து, அது ஏறினால் இலைதான் தள்ளும். கிளை பரப்பிச் சாயும், குச்சி ஊன்றிக் கட்டிவிடு.

சின்ன சித்தி: அண்ணி, போன தடவை கொடுத்த ஜாம் எப்படிப் போட்டீர்கள்?

கோத்தகிரி அத்தை: ஒரு கிலோ பழத்துக்கு முக்கால் கிலோ சர்க்கரை, ஒரு எலுமிச்சைச் சாறு. கூட்டை உரித்தால் பழத்தின் மேல் பிசுபிசுப்பு இருக்கும், நன்றாக அலசு. அடிகனமான பாத்திரம், சிறுதீ, மத்தால் மசி. ஜாமைக் கெட்டியாக்கும் பெக்டின் பழத்திலேயே இருக்கிறது, கடையில் வாங்காதே. குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டு விரலால் கோடு இழு. கோடு மூடிக்கொள்ளாமல் நின்றால் இறக்கு.

சின்ன சித்தி: ஒரு கிலோவா! ரேவதி தொட்டியில் ஒரு கைப்பிடி தேறுமா?

கோத்தகிரி அத்தை: சேர்த்து வைக்கட்டும். கூட்டோடு முறத்தில் காற்றாடப் பரப்பினால் வாரக்கணக்கில் கெடாது. உரித்ததை மட்டும் வைத்திருக்காதே.

கார்த்தி: நான் வீட்டில் இருக்கும்வரை சேராது 😄

பெரியப்பா: ஜாமெல்லாம் உங்களுக்கு. எனக்கு இரண்டு நாற்று வேண்டும்.

ரேவதி: முதல் பழத்தை விதைக்கு வைக்கிறேன் பெரியப்பா. நம் ஊர் வெயிலுக்குப் பூ கொட்டிவிடும், ஆவணியில் விதைத்துத் தருகிறேன்.